முப்பது டெசிபலுக்குக் கீழே

ஆகஸ்ட் 18, திங்கள்

தாரிணி இன்று மூன்று வாக்கியம் பேசினாள். மூன்றும் கம்ப்யூட்டரைப் பற்றி. பழையது விளையாட்டின் நடுவில் தானாக அணைந்துபோகிறது. உள்ளே சூடு தாங்கவில்லை. பாகம் பாகமாக வாங்கி நாமே கோத்தால் அதே விலையில் நல்லதாகக் கிடைக்கும்.

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கம் திரும்பாமலே, அறுபதாயிரம் வரைக்கும் பார்க்கலாம் என்றேன். திரும்பினால் போய்விடுவாளோ என்று பயம். ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்: சத்தம் வரக்கூடாது. அப்பாவுக்குத் தலைவலி.

"அப்பாவுக்கு எப்பருந்து தலவலி?"

"ஒரு மாசமா இருக்குது கண்ணு."

அவர் வருவதற்குள் ஃபோன் செய்து விஷயத்தைச் சொல்லிவைத்தேன். நெற்றியெல்லாம் தைலம் பூசிக்கொண்டு வந்தார். கொஞ்சம் அதிகமாகவே பூசிவிட்டார். சாப்பிடும்போது மூன்று பேருக்கும் கண் எரிந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

இந்த நோட்டை வாங்கி எழுதச் சொன்னவர் தாரிணியைப் பார்க்கும் மனநல டாக்டர் மெர்லின். எழுதவேண்டியதை மட்டும் இன்னும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஜூன் 12, வியாழக்கிழமை மதியம், என் மகள் மாத்திரைகளை விழுங்கினாள். இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்து சென்னை ஹாஸ்டலிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அன்று நான் லீவில் வீட்டில்தான் இருந்தேன். இரண்டு நாள் ஐசியூ. பிழைத்துவிட்டாள். காலேஜுக்கு ஒரு வருடம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவள் அறையின் உள்தாழ்ப்பாளை அவள் அப்பா கழற்றிவிட்டார். நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் கதவில் இருக்கின்றன. என் பிரஷர் மாத்திரை இப்போது ஆபீஸ் டிராயரில். நான் ஆபீஸில் பேசி அரை நாள் வேலையாக்கிக்கொண்டேன். காலையில் அவர் வீட்டில், மதியத்துக்கு மேல் நான். அவருக்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை என்பதால் இது முடிகிறது.

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். அவள் எதிர்பார்த்திருக்க ஏதாவது ஒன்று வேண்டும். இன்னொன்று: "அந்த எண்ணம் வருதான்னு நேரடியா கேளுங்க. கேக்கறதால புதுசா வந்துராது. தினமும் கேட்டாலும் தப்பில்ல."

முதலாவதற்குக் கம்ப்யூட்டர் பேச்சு வந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்றும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று ஆபீஸிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்து வந்தேன். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு எனக்கு. ஒவ்வொரு மோட்டாரும் பெட்டிக்குள் போகும் முன் அதன் சத்தத்தை அளந்து ரெஜிஸ்டரில் எழுதுவோம். மீட்டர் இல்லாத காலத்தில் எங்கள் ஃபோர்மேன் ரங்கண்ணன் ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். இப்போதும் மீட்டர் சொல்வதை அப்படித்தான் சரிபார்க்கிறார். பத்தொன்பது வருடத்தில் எனக்கும் அது பழகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் லேத் பட்டறை இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையில்தான் எதையும் அளக்க முடியும். பழைய கம்ப்யூட்டரில் தாரிணி விளையாட்டை ஓடவிட்டாள். விசிறி மெல்ல ஏறி, அலறி, ஒரே மட்டத்தில் நின்றது. ஐம்பத்து நான்கு டெசிபல்.

"இந்த மீட்டர் எவ்வளவு கீழ போகும்?"

"முப்பது. அதுக்குக் கீழ போனா நம்பர் வராது, ரெண்டு கோடு வரும்."

"அப்ப ரெண்டு கோடு வர்ற மாதிரி பண்ணலாம்," என்றாள்.

இரண்டு மாதத்தில் முதல்முறையாக "பண்ணலாம்" என்ற சொல்.

ஆகஸ்ட் 30, சனி

காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடை. ஜூனுக்குப் பிறகு தாரிணி ஆஸ்பத்திரி தவிர வெளியே வந்தது இதுதான் முதல்முறை. பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பிறகு அது சரியா என்று யோசித்து, வழியெல்லாம் அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

கடைக்காரர் ஹாரூனுக்கு முப்பது வயதிருக்கும். விளக்கு எரியும் விசிறிகளை வரிசையாக ஓடவிட்டுக் காட்டினார். "இத மாட்டுனா பெட்டியே தேரு மாதிரி இருக்குமுங்க்கா," என்றார்.

"லைட்டு வேணாங்ணா. பெருசா, மெதுவா சுத்தறதா வேணும்," என்றாள் தாரிணி.

"ஸ்பீடு வேணும்னுதான் எல்லாரும் படி ஏறி வர்றாங்க. மெதுவா வேணும்னு வந்த மொத ஆளு நீதாம்மா."

அவள் சிரித்தாளா என்று நான் பார்ப்பதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது. பிறகு அரை மணி நேரம் அவள்தான் பேசினாள். சின்ன விசிறி வேகமாகச் சுற்றித் தள்ளும் காற்றைப் பெரிய விசிறி நிதானமாகத் தள்ளிவிடும். ஹார்ட் டிஸ்க் உள்ளே சுற்றும், அதனால் வேண்டாம், எதுவும் சுற்றாத எஸ்எஸ்டி போதும். வேலை குறைவாக இருக்கும்போது விசிறியே சுற்றாத பவர் சப்ளை. உள்பக்கம் ஸ்பாஞ்சு ஒட்டிய கேபினட் பெட்டி. இவ்வளவுக்கும் பணம் வேண்டுமே என்றதும், கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி குறைத்துக்கொள்கிறேன் என்றாள். விளையாட்டு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லையாம். அந்தப் பணத்தில் ப்ராசஸரின் தலைமேல் உட்காரும் பெரிய கூலர் வேண்டும் என்றாள். செங்கல் அளவு இருக்கிறது அது.

எனக்கு உறுத்தியது. விளையாடத்தானே வாங்குகிறோம், அதையே குறைப்பானேன் என்றேன். "அப்பாவுக்குத் தலவலின்னு நீதான சொன்ன," என்றாள்.

கூலர் சென்னையிலிருந்து வரவேண்டும். செப்டம்பர் 11 என்றார் ஹாரூன். தாரிணி அதைத் தன் ஃபோனில் குறித்துக்கொண்டாள்.

பதினொன்றாம் தேதி வரைக்கும் அவள் எதிர்பார்த்திருக்க ஒன்று இருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஹாரூன் கடையில் இறங்கி ஒரு கேபினட் வாங்கிவிட்டேன். தாரிணி எழுதிக் கொடுத்தது பெரியது. இது குட்டி, அழகாக இருக்கிறது, விலையும் குறைவு. ஹாலில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் அப்படியே பொருந்தும். ஹாலில் வைத்தால் அவளுக்கும் காற்றோட்டமாக இருக்கும், கரண்ட் பாயிண்ட்டும் பக்கத்தில். மாட்டும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்லாமல் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கூலர் வந்தது. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து எல்லாப் பாகங்களையும் பரப்பினாள். நான் கேபினட்டை இறக்கி வைத்தேன். அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். மதர்போர்டை உள்ளே வைத்து, கூலரை மேலே வைத்து, பக்கக் கதவைச் சாத்தப் பார்த்தாள். சாத்தவில்லை. கூலர் நூற்று ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். இந்தப் பெட்டிக்குள் நூற்று ஐம்பதுதான் இடம்.

"லிஸ்ட்ல தெளிவா எழுதியிருந்தேன்."

"ஹால்ல வெச்சுக்கலாமேன்னு..."

"நான் ஹால்ல ஒக்காந்தா நீ பாத்துட்டே இருக்கலாம். அதான?"

கத்தவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் அட்டைப்பெட்டியில் திரும்ப வைத்தாள். அவ்வளவு ஒழுங்காக வைத்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பழைய கம்ப்யூட்டரின் விசிறி அலறத் தொடங்கியது.

எட்டு மில்லிமீட்டர். மோட்டாரில் அரை மில்லிமீட்டர் பிசகினால் திருப்பி அனுப்புகிறவள் நான்.

செப்டம்பர் 12, வெள்ளி

விசிறி ஓடுகிறது. சாப்பாட்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டு பாதியோடு திரும்பி வந்தது.

செப்டம்பர் 13, சனி

விசிறி. பதினோரு முறை ஏதாவது காரணம் சொல்லிக் கதவைத் திறந்தேன். பன்னிரண்டாவதற்குக் காரணம் கிடைக்காமல் ஒட்டடைக் குச்சியை எடுத்துப் போனேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் தாரிணி டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தன் மேஜைக்கடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, ஹாரூனுக்கு அவளே ஃபோன் செய்தாள். குட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் சொன்னதைத் தருவாராம். வருவதற்கு இருபத்தாறாம் தேதி ஆகும். "மேடம் கேக்காம வாங்கும்போதே நெனச்சனுங்க," என்று சிரித்தாராம்.

"எங்க வெக்கறதுன்னு நான்தான் சொல்வேன்," என்றாள் என்னிடம்.

சரி என்றேன். இருபத்தாறு. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோத்துவிட்டோம். காலை பத்துக்குத் தொடங்கி மதியம் மூன்று. நான் டார்ச் பிடித்தேன். கூலரின் அடியில் பட்டாணி அளவு வெள்ளைப் பசை வைக்கவேண்டும். அதைப் பிதுக்கும்போது அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், மூன்று வயதில் கோலப்பொடியைக் கிள்ளும்போது செய்ததுபோல. விசிறிகளை ஸ்க்ரூவால் இறுக்காமல் ரப்பர் முளைகளால் மாட்டினாள், அதிர்வு தகரத்துக்குப் போகாமலிருக்க. அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பிடிக்கட்டுமா அதைப் பிடிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்பா, உங்களுக்குத்தான் தலவலி ஆச்சே, போய்ப் படுங்க," என்றாள். அவர் என்னைப் பார்த்தார். போய்ப் படுத்துக்கொண்டார்.

முதல்முறை பொத்தானை அழுத்தியபோது வேலை செய்யவில்லை என்றே நினைத்தேன். திரையில் எழுத்து வந்த பிறகுதான் நம்பினேன். மீட்டரை ஒரு மீட்டர் தள்ளி வைத்தோம். இரண்டு கோடு.

தாரிணி அதை ஃபோட்டோ எடுத்தாள்.

செப்டம்பர் 29, திங்கள்

இப்போது நன்றாகக் கேட்கிறது. எங்கள் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் நான்கரை அங்குலச் சுவர்தான். சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தால், லேத் ஓடும்போதுகூட, கீபோர்டின் டக்டக், மௌஸ், நாற்காலி நகர்வது, எல்லாம் கேட்கிறது. பழைய விசிறி இருந்தபோது எவ்வளவு அழுத்தி வைத்தாலும் அந்த அலறல்தான்.

உண்மையை எழுதுவதற்குத்தானே இந்த நோட்டு. அவருக்குத் தலைவலி கிடையாது. சத்தமில்லாத கம்ப்யூட்டர் எனக்குத்தான் வேண்டியிருந்தது.

ஜூன் 12 அன்று மதியம் அந்த விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஒரே மட்டமாக ஓடியது. விளையாடுகிறாள் என்று நினைத்து நான் ஹாலில் துணி மடித்தேன். பெட்ஷீட்டுகளைக்கூட மடித்து முடித்தேன். காபி கொடுக்கத்தான் கதவைத் திறந்தேன்.

இன்று மூன்றரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்க்ரூ கழலும் சத்தம், பிறகு விசிறியை எடுப்பது, திரும்ப மாட்டுவது. எதையோ இன்னும் சீராக்குகிறாள். கேட்கக் கேட்க நிம்மதியாக இருந்தது. ரவை வறுத்துக் கேசரி செய்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை லீவு என்பதால் கம்பெனியில் இன்றே ஆயுத பூஜை. மோட்டார்களுக்கெல்லாம் சந்தனம், பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ். ரங்கண்ணன் தன் ஸ்க்ரூ டிரைவருக்குத் தனியாகப் பொட்டு வைத்தார். மீட்டரை இன்னும் திருப்பித் தரவில்லையே என்று ஸ்டோரில் நினைவுபடுத்தினார்கள்.

அக்டோபர் 1, புதன்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிடவேண்டும்.

காலையில் வீட்டில் பூஜை. அரிவாள்மனை, தையல் மெஷின், அவருடைய ஸ்கூட்டர், புது கம்ப்யூட்டர். தாரிணி தானே அதற்குச் சந்தனம் வைத்தாள், காற்று போகும் ஓட்டையை அடைக்காமல் ஓரமாக. ஆயுத பூஜையன்று ஆயுதத்தை எடுக்கக்கூடாது, நாளைக்கு விஜயதசமியில்தான் தொடவேண்டும், இன்று ஒரு நாள் அணைத்து வை என்று சொன்னது நான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அவள் மறுபேச்சில்லாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அறைக்குப் போனாள்.

மதியம் அவர் பொரி கொடுக்கத் தன் தங்கை வீட்டுக்குப் போனார். நான் பாத்திரத்தைக் கழுவிவிட்டு எங்கள் அறைக்கு வந்து டம்ளரை வைத்தேன்.

ஒன்றுமில்லை.

பின்னால் லேத் இல்லை. ஊரில் எந்த மெஷினும் ஓடாத நாள் இது. கீபோர்டு இல்லை, மௌஸ் இல்லை, நாற்காலி இல்லை. டம்ளரை இடம் மாற்றி வைத்தேன். என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. புரண்டு படுத்தால் கட்டில் முனகும், அதற்காகக் காத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் நின்றேன். அதற்குமேல் முடியவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூக்கின் கீழே விரலை வைத்தேன். மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். டம்ளர் கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது.

எழுந்து உட்கார்ந்தாள். தூங்கியிருக்கிறாள். அவ்வளவுதான்.

"டம்ளர் எதுக்கும்மா?"

"தண்ணி வேணுமான்னு பாக்க வந்தேன்."

"காலி டம்ளரா?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையை நீட்டி என் இடது காதைத் தொட்டாள். "வட்டமா அச்சு விழுந்திருக்கு. நேத்தும் இருந்துச்சு. ஆகஸ்ட்லருந்து பாக்கறேன்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தலைவலிப் பொய்யும் முதல் நாளே தெரியும் என்றாள். தெரிந்துமா கார்டைக் குறைத்துக்கொண்டு கூலர் வாங்கினாய் என்றேன்.

"நீ சொவத்துல காது வெச்சுட்டு நிக்கறது எனக்குத் தெரியுது. சத்தம் இல்லைன்னா நீ கேட்டுட்டு சீக்கிரம் போய் ஒக்காருவேன்னு நெனச்சேன்."

அப்போது சொல்லிவிட்டேன். ஜூன் 12 மதியம் விசிறி ஓடியதை, நான் துணி மடித்ததை, பெட்ஷீட்டுகளை. இதுவரை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

தாரிணி போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா கேம ஓட விட்டேன். ஃபேன் சத்தம் கேட்டா நீ உள்ள வரமாட்டேன்னு."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பத்தொன்பது வருடமாக மெஷின் ஓடும் சத்தத்தை வைத்து உள்ளே எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு வருகிறவள் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சொன்ன கேள்வி நாக்கு நுனியில் மூன்று மாதமாக இருக்கிறது. வெளியே வந்தபோது என் குரல்போலவே இல்லை.

"சாகணும்னு நெனப்பு இப்பவும் வருதா கண்ணு?"

"இன்னிக்கு இல்ல." நூலை விடவில்லை. "திங்கக்கெழம வந்துச்சு."

திங்கட்கிழமை. கேசரி.

"திங்கக்கெழம என்ன பண்ணுன?"

"பின்னாடி ஃபேன கழட்டித் திருப்பி மாட்டுனேன். நாலு தடவ. கையில ஏதாவது இருக்கணும்னு. அப்பறம் போயிருச்சு."

நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தேன் என்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து டம்ளரை எடுத்தேன். மறுபடி அந்த மாதிரி வந்தால் என்னைக் கூப்பிடுவாயா என்றேன்.

"கூப்புடத் தோணாது. நீ வந்து கேளு," என்றாள். "ஒட்டடக் குச்சியெல்லாம் வேணாம்."

அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தைல டப்பாவை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, வெகுநேரம் பீரோவைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

அக்டோபர் 2, வியாழன்

காலை: இல்லை என்றாள். சாயங்காலம்: "இல்லம்மா, பிஸியா இருக்கேன்."

அக்டோபர் 3, வெள்ளி

மீட்டரை ஸ்டோரில் ஒப்படைத்தேன். ரெஜிஸ்டரில் எதற்காக எடுத்தேன் என்ற இடம் ஆகஸ்டிலிருந்து காலியாகவே இருந்தது. சொந்த வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நேராக அவள் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஓரத்தில் சந்தனம் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. கேட்டேன்.

விளையாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் இருக்கும்மா."

சரி என்றேன். நாற்காலியை இழுத்து அவள் முழங்கால் என் முழங்காலில் படும்படி போட்டு உட்கார்ந்தேன். டாக்டருக்கு ஃபோன் போடலாமா என்றேன். ம் என்று தலையை ஆட்டினாள். நான் பையில் தேடுவதற்குள் அவளே தன் ஃபோனை எடுத்து நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். பூஜை லீவில் லேத்தும் ஓடாமல் அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால், மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது.